ஓட்டுநரின் பங்கு

பித்தளைச் சட்டம் போட்ட ஒரு கண்ணாடிப் பெட்டி. பெரிய மீன்தொட்டி அளவு இருக்கும். உள்ளே ஒரு குழாயிலிருந்து நிறமே இல்லாத ஒன்று விழுந்து, கண்ணாடிக் கிண்ணத்தில் சுழன்று, இன்னொரு குழாய் வழியே இறங்கி மறைந்துகொண்டிருந்தது. பார்த்தால் தண்ணீர் என்றுதான் தோன்றும். பெட்டியின் முன்பக்கம் உள்ளங்கை அகலத்தில் இரண்டு பூட்டுகள்.

“இதைக் காய்ச்சுகிறவர்கள் இதைத் தொட முடியாது” என்றார் எங்களுக்கு ஆலையைச் சுற்றிக் காட்டிய பெண்மணி. என் வயதுதான் இருக்கும். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். “அந்தக் காலத்தில் சாவி வரி அதிகாரியிடம் இருக்கும். அவருக்கு இந்த வளாகத்துக்குள்ளேயே வீடு.”

“அப்படியானால் யாருமே திருடவில்லையா?” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

அதற்காகவே காத்திருந்ததுபோல் அவர் தன் காற்சட்டைக் காலைத் தட்டிக் காட்டினார். ஒரு முழ நீளத்தில் செப்புக் குழாய் ஒன்று வைத்திருப்பார்களாம். ஒரு முனையை நாணயம் வைத்து அடைத்துவிடுவார்கள். கிடங்கில் பீப்பாயிலிருந்து அதை நிரப்பி, காற்சட்டைக்குள் தொடையோடு தொங்கவிட்டுக்கொண்டு, வரி அதிகாரிக்கு வணக்கமும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவார்களாம்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. வருடக்கணக்காக நான் அப்படிச் சிரித்திருக்கவில்லை.

இட்லி மாவு

கடந்த கோடை விடுமுறையில் நடந்தது இது. ஸ்காட்லாந்தின் வடக்கே, இருநூறு வருடங்களுக்கு மேல் பழமையான ஒரு விஸ்கி ஆலை. என் மகள் நித்யா அந்த நாட்டில்தான் வேலை பார்க்கிறாள். ஒரு மாதம் வந்து இரு என்று டிக்கெட் அனுப்பியிருந்தாள்.

விஸ்கி ஆலையைப் பார்க்கப் போகலாம் என்று அவள் சொன்னபோது நான் முதலில் வேண்டாம் என்றேன். மந்தைவெளியில் ஒயின் ஷாப் இருந்த தெருவைத் தவிர்க்க இரண்டு தெரு சுற்றி நடந்தவள் நான்.

“அம்மா, நீ இருபத்தாறு வருஷமா போர்டுல வரையற படம். ஒரு தடவ நெஜமா பாரேன்” என்றாள்.

மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் வேதியியல் ஆசிரியை நான். காய்ச்சி வடித்தல் என் பாடம். வட்டக் குடுவை, அதன் கழுத்தில் வெப்பமானி, சாய்வாக ஒரு குளிர்விப்பான், கீழே ஒரு குவளை. கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். ஆனால் மேசையைவிடப் பெரிய எதையும் நான் பார்த்ததில்லை.

“அவன்கிட்ட சொல்லாத” என்றேன்.

“நான் ஏம்மா சொல்லப் போறேன்.”

அவன் என்றால் என் மகன். இந்தப் பத்திரிகையில் வாராவாரம் எழுதும் இந்தத் தொடரில் நான்கு மாதமாக என் அப்பாவைப் பற்றி, பள்ளியைப் பற்றி, மழை வெள்ளத்தைப் பற்றியெல்லாம் எழுதிவிட்டேன். அவனைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. இந்த வாரம் அவனைச் சேது என்று அழைக்கிறேன். அது அவன் பெயர் அல்ல. இந்தத் தொடரில் என் பெயரும் என் பெயர் அல்லவே.

ஆலைக்குள் நுழைந்ததும் என்னை முதலில் தொட்டது வாசனைதான். இரண்டு ஆள் உயரத்துக்கு மரத் தொட்டிகள், வரிசையாக. அந்தப் பெண்மணி ஒரு மூடியைத் தூக்கி, குனிந்து முகர்ந்து பாருங்கள் என்றார். மே மாதத்தில் மூடியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, மேடையெல்லாம் வழிந்து நிற்குமே இட்லி மாவு, அதே புளிப்பு. சுருக்கென்று மூக்கில் ஏறியது. நான் சிரித்தபடி அதை நித்யாவிடம் தமிழில் சொன்னேன். அவள் அதை அவர்களுக்கு மொழிபெயர்த்தாள்.

அடுத்த கூடத்தில் செம்புக் கலன்கள். ஒவ்வொன்றும் எங்கள் அடுக்குமாடியின் தண்ணீர்த் தொட்டி அளவு. பதினாறு எண்ணினேன். யானைத் தும்பிக்கைபோல் கழுத்து வளைந்து சுவருக்குள் போனது. வெப்பம் முகத்தில் அடித்தது. என் கரும்பலகைப் படம் வீடாக வளர்ந்து நிற்பதுபோல் இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதை எழுதவே கூசுகிறது. ஆனாலும் அது உண்மை.

முதலில் வடிவதையும் கடைசியில் வடிவதையும் ஒதுக்கிவிடுவார்களாம். நடுவில் வருவதைத்தான் பீப்பாயில் ஊற்றுவார்கள். முதல் வடிப்பை ஒரு சின்னக் குவளையில் முகரக் கொடுத்தார். நகப்பூச்சு வாடை, அதனடியில் ஒரு காரம்.

வெளியே கிடங்குகளைச் சுற்றி நின்ற மரங்களின் அடிப்பகுதி முழுக்கக் கருப்பாக இருந்தது. தீ விபத்தா என்று கேட்டேன். இல்லை, பூஞ்சை என்றார். பீப்பாயிலிருந்து கசியும் ஆவியை உண்டு வாழ்கிறது. சுவர், மரம், வேலி, எதையும் விடாது.

ஆசிரியை புத்தி. “பீப்பாய்க்குள்ளும் வளருமா?” என்று கேட்டேன்.

“உள்ளே எதுவும் வளராது. அது அவ்வளவு வீரியம்” என்றார்.

வீட்டைக் கழுவிய வாரம்

கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

போன வருடம், மழைக்காலத்துக்கு முன்பு, சேது குடிநோய் சிகிச்சை மையத்தில் ஒரு மாதம் இருந்தான். அவனுக்கு இருபத்தெட்டு வயது. அடையாறில் ஒரு கட்டட அலுவலகத்தில் வரைபடம் போடுகிறான். நேர்கோடு போடுவதில் அவனுக்கு இணை இல்லை என்று முதலாளியே சொல்வார். கல்லூரியில் ஆரம்பித்தது. எப்படி வளர்ந்தது, எத்தனை முறை யார் யார் தூக்கிக்கொண்டு வந்து விட்டார்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. இப்படி ஒரு பிள்ளை உள்ள வீட்டினருக்கு அது தெரியும். மற்றவர்களுக்குச் சொல்லிப் புரியாது.

அவன் திரும்பி வருவதற்கு முந்தைய வாரம் அங்கிருந்த ஆலோசகர் அம்மா எங்களைக் கூப்பிட்டுப் பேசினார். “வீட்ல ஒரு சொட்டு இருக்கக் கூடாதுங்க. குடிக்கற சரக்க மட்டும் சொல்லல. இருமல் மருந்து, சென்ட்டு, எல்லாம்தான்.”

நான் வேதியியல்காரி. எதில் எத்தனை சதவீதம் என்று எனக்குத் தெரியும். ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் இரண்டாம் மாடி வீட்டை மூலை மூலையாகக் கழுவினேன். கை சுத்திகரிப்பான், சவரம் செய்தபின் தடவுகிற திரவம், கேக்குக்கு வாங்கிய வெனிலா எசன்ஸ். மூட்டுவலிக்கு என் கணவர் நாக்கில் விட்டுக்கொள்ளும் ஹோமியோபதி சொட்டு மருந்தைக்கூட வாஷ்பேசினில் ஊற்றினேன்.

“அது பத்து சொட்டும்மா” என்றார் அவர்.

“பத்து சொட்டும் ஆல்கஹால்தாங்க.”

அவர் அதன் பிறகு காலைத் தேய்த்துக்கொண்டே நடந்தார்.

சேது வந்தான். முதல் சில வாரங்கள் கை நடுங்கியது. பிறகு டீ போடக் கற்றுக்கொண்டான். பால் இல்லாத, சர்க்கரை இல்லாத கறுப்பு டீ. குடிக்கும் எண்ணம் வரும்போதெல்லாம் எழுந்து போய் டீ போடுவான். ஒரு நாளைக்கு ஆறு முறை, ஏழு முறை. அடுப்பு பற்றும் ‘டக்’ சத்தம், பிறகு தண்ணீர் கொதிக்கும் சத்தம். எனக்கு அதைவிட இனிய சத்தம் இந்த வீட்டில் கிடையாது. இதோ ஒன்றைத் தாண்டிவிட்டான் என்று நினைத்துக்கொள்வேன்.

அப்படி எட்டு மாதம். அந்த எட்டு மாதத்தை நம்பித்தான் நான் விமானம் ஏறினேன். “போய்ட்டு வாம்மா. நான் எங்கயும் ஓடிட மாட்டேன்” என்று அவனே பெட்டியைத் தூக்கி வந்து வைத்தான்.

“நீங்கள்தான் ஓட்டுநரா?”

சுற்றிப் பார்த்து முடிந்ததும் ஒரு நீண்ட மேசையில் உட்காரவைத்தார்கள். ஆளுக்கு மூன்று கண்ணாடிக் கிண்ணங்கள். ஒன்று வைக்கோல் நிறம், ஒன்று தேன், ஒன்று கருப்பட்டி.

குடிப்பதற்கு முன் முகர வேண்டும் என்றார் அந்தப் பெண்மணி. “வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அப்போது காரம் மூக்கில் அடிக்காது. அடியில் இருப்பது தெரியும்.” நான் செய்தேன். அவர் சொன்னது சரி. முதலில் காரம் விலகியது, பிறகு உலர்ந்த திராட்சை, மரத்தூள், லேசாகப் புகை. பாடம் சரியாக வந்த மாணவியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

பக்கத்தில் நித்யா கிண்ணத்தை எடுத்தாள். ஒரு மிடறு. கீழே வைத்தாள். “நல்லா இருக்கு” என்றாள். அவ்வளவுதான். மீதியை மறந்துவிட்டு ஜன்னல் வழியே மழையைப் பார்க்க ஆரம்பித்தாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேர். ஒருத்தியால் கீழே வைக்க முடிகிறது.

என் கிண்ணங்கள் அப்படியே இருப்பதை அந்தப் பெண்மணி கவனித்தார். குனிந்து, “நீங்கள்தான் ஓட்டுநரா?” என்று கேட்டார். வண்டி ஓட்டுகிறவர்கள் குடிக்க மாட்டார்கள் அல்லவா, அவர்களுக்கு அங்கே ஒரு ஏற்பாடு இருக்கிறது.

நான் ஸ்கூட்டிகூட ஓட்டத் தெரியாதவள். நாங்கள் பஸ்ஸில் வந்திருந்தோம். ஆனால் ஏன் குடிக்கவில்லை என்று அந்த மேசையில் விளக்குவதைவிடத் தலையாட்டுவது சுலபமாக இருந்தது. ஆட்டிவிட்டேன்.

அவர் மூன்று கிண்ணங்களையும் மூன்று விரல்நீளக் குப்பிகளில் ஊற்றி, மூடியைத் திருகி, கையால் எழுதிய சீட்டு ஒட்டி, ஒரு காகிதப் பையில் போட்டுக் கொடுத்தார். “இது ஓட்டுநரின் பங்கு.”

வாங்கிக்கொண்டேன். கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வராது. கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையை வாங்குவதுபோல் வாங்கிக் கைப்பையில் வைத்தேன்.

வசம்புக்கு அடியில்

குப்பைத்தொட்டிகள் அந்த ஊரில் பத்தடிக்கு ஒன்று இருந்தன. போட்டிருக்கலாம். நித்யாவிடம் விட்டுவிட்டு வந்திருக்கலாம். ஆனால் அதற்குள் என் மனதில் அது மது இல்லை, வகுப்பில் காட்டும் மாதிரி. பள்ளி ஆய்வகத்தில் எத்தனால் லிட்டர் கணக்கில் இருக்கிறது. என் கண்ணாடி அலமாரியில், வடித்தல் மாதிரியின் பக்கத்தில், மூன்று நிறத்தில் மூன்று குப்பிகள் நின்றால் எவ்வளவு அழகாக இருக்கும் என்று நினைத்தேன். ஹோமியோபதி சொட்டை ஊற்றிய அதே கை, மூன்று குப்பிகளையும் ஒரு காலுறைக்குள் சுருட்டிப் பெட்டியில் வைத்தது.

வந்த அன்று சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சேதுவிடம் சொல்லாதே என்று மகளைத் தடுத்தவள் நான்தான். தொட்டி, செம்பு, பூட்டு, செப்புக் குழாய். என் கணவர் ரசித்துக் கேட்டார். சேதுவும் சிரித்தான்.

“தொடையில கட்டிக்கினு போயிருக்கானுங்க. எங்க செட்டு பசங்க தேவலாம்” என்றான். அவன் தன்னைக் கேலி செய்துகொண்டதைக் கேட்டு எங்களுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

“என்னை ஓட்டுநர்னு நெனச்சு மூணு பாட்டில் வேற கொடுத்தாங்க” என்றேன்.

“நீ டிரைவரா? எந்த நாட்டு ரோடும்மா தாங்கும்?” பிறகு, டம்ளரைப் பார்த்துக்கொண்டே, “எங்க அது?”

“ஸ்கூலுக்கு.”

“ம்” என்றான். எழுந்து டீ போடப் போனான்.

குப்பிகளை என் பீரோவில், பட்டுப் புடவைகளுக்கு நடுவே, பூச்சிக்காகப் போட்டிருக்கும் வசம்பு முடிச்சுக்கு அடியில் வைத்தேன். பூட்டவில்லை. எட்டு மாதம் ஆனபின் பூட்டினால் அவனை அவமதிப்பதாகும் என்று தோன்றியது.

பள்ளி திறந்ததும் சேர்க்கை வேலை, பிறகு யூனிட் டெஸ்ட். ஆடி பிறக்கும்வரை அந்தக் குப்பிகள் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

ஹபீப் பாய்

ஒரு சனிக்கிழமை காலை அவற்றைப் பள்ளிக்கு எடுத்துப் போனேன். பிள்ளைகள் இல்லை. ஆய்வக உதவியாளர் ஹபீப் பாய் மட்டும் பிப்பெட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். மீர்சாகிப்பேட்டைக்காரர். பதினெட்டு வருடமாக என்னோடு இருக்கிறார்.

“இன்னா டீச்சர், சென்ட்டா?”

“இல்ல பாய். விஸ்கி. மாதிரிக்கு வைக்க. உங்களுக்குச் சங்கடம்னா நானே வெச்சிக்கறேன்.”

“பாக்கறதுல இன்னா பாவம். குடிக்கவா போறேன்.” கையைத் துடைத்துக்கொண்டு வந்து, வைக்கோல் நிறக் குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

“டீச்சர், உள்ள பூசணம் புடிச்சிக்கீது.”

“இருக்காது பாய்.”

“இருக்காதுன்னா? கண்ணு அவிஞ்சா போச்சு எனக்கு? நீங்களே பாருங்க.”

பார்த்தேன். மேல்மட்டத்தில் வெள்ளையாக, பஞ்சுத் துணுக்குபோல் ஒன்று மிதந்துகொண்டிருந்தது.

“சரக்குல பூசணம் புடிக்குமா டீச்சர்?”

“பிடிக்காது.”

“அப்ப இது சரக்கு இல்ல.” மூடியைத் திருகி, முகத்தைச் சற்றுத் தள்ளியே வைத்து முகர்ந்தார். உடனே பக்கத்தில் கொண்டுபோய் மறுபடி முகர்ந்தார். “அட. டீ. பழைய டீ. வெள்ளக்காரன் உங்களுக்கு நல்லா குல்லா போட்டுட்டான் டீச்சர்.”

மற்ற இரண்டையும் நானே திறந்தேன். டீ. டீ.

மூன்றும் மூன்று நிறத்தில் இருந்தன. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. வைக்கோல் நிறத்துக்கு ஒரு கொதி, தேனுக்கு இரண்டு, கருப்பட்டிக்கு நன்றாகக் கொதித்து இறக்கியது. வெளிச்சத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்துச் செய்திருக்கிறான். சீட்டுகள் நனையவில்லை. அளவு கழுத்துவரை, அந்தப் பெண்மணி ஊற்றிய அதே அளவு. நேர்கோடு போடுகிறவனின் வேலை.

“ஏமாத்திட்டாங்க பாய்” என்றேன். “கொடுங்க. வீட்டுக்கே எடுத்துட்டுப் போறேன்.”

“கொட்டிட்டுக் கழுவித் தரேனே.”

“வேணாம்.”

பள்ளியிலிருந்து வீட்டுக்கு இருபது நிமிட நடை. குளக்கரையைத் தாண்டி, காய்கறி வண்டிகளைத் தாண்டி, எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. கைப்பைக்குள் குப்பிகள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம் மட்டும் கேட்டது. மூன்றையும் சேர்த்தால் ஒரு டம்ளர்கூடத் தேறாது. ஆனால் ஒரு சொட்டு என்று அந்த ஆலோசகர் அம்மா சொன்னார். அந்த ஒரு சொட்டு எங்கிருந்து வரும் என்று அலமாரி அலமாரியாகத் தேடியவள் நான். கடைசியில் கடல் தாண்டிப் போய் நானே எடுத்து வந்து, புடவைக்குள் வைத்து, எங்கே என்று அவன் கேட்கும்படி மேசையில் கதையும் சொன்னேன்.

வியாழக்கிழமை

குப்பிகளைத் திரும்ப வசம்புக்கு அடியிலேயே வைத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. எடுத்துவிட்டால் எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தால் அவன் இந்த வீட்டில் எந்த முகத்தோடு நடமாடுவான். கணவரிடமும் சொல்லவில்லை. அவர் இன்னமும் எட்டு, ஒன்பது, பத்து என்று மாதத்தை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

மாலை ஏழு மணிக்குச் சேதுவின் வண்டி கீழே வந்து நிற்கும். முன்பெல்லாம் சமையலறையில் இருந்தபடியே “வந்துட்டியா” என்பேன். இப்போது கதவைத் திறக்க நானே போகிறேன். வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொள்கிறேன். முதல் சில நாட்கள் வியர்வையும் வண்டிப் புகையும் மட்டும் இருந்தன. அவன் என்னைத் தாண்டிப் போகும்போது எனக்கு நானே வெட்கப்பட்டேன்.

பிறகு ஒரு நாள் ஏலக்காய். மறுநாளும் ஏலக்காய். அதன் அடியில் நகப்பூச்சு வாடை, அந்தக் காரம். நல்ல ஆலையில் ஒதுக்கிவிடுகிற முதல் வடிப்பு. மூக்கு பொய் சொல்லவில்லை.

“என்னம்மா அப்படிப் பாக்கற?”

“ஒண்ணுமில்ல. டீ போடட்டுமா?”

“நானே போட்டுக்கறேன்.”

அடுப்பு பற்றும் ‘டக்’ சத்தம் கேட்டது. தண்ணீர் கொதிக்கும் சத்தமும் கேட்டது. அது எனக்கு இனி எதையும் சொல்வதில்லை. குடிக்கத்தான் போடுகிறானா என்றுகூடத் தெரியாது.

போன வாரம் வரலட்சுமி நோன்புக்குப் புடவை எடுக்க பீரோவைத் திறந்தேன். வசம்பு முடிச்சு ஒரு விரல் அளவு நகர்ந்திருந்தது. குப்பிகளை எடுத்து ஜன்னல் அருகே பிடித்தேன். வெள்ளைப் பஞ்சு இல்லை. கலங்கல் இல்லை. வைக்கோல், தேன், கருப்பட்டி, மூன்றும் தெளிந்து பளபளத்தன. மூடியைத் திறந்து முகர்ந்தேன். புது டீ.

பூசணத்தை அவனும் பார்த்திருக்கிறான். நான் பார்த்துவிடக் கூடாது என்று பயந்து மாற்றியிருக்கிறான். இனி எத்தனை நாளைக்கு ஒருமுறை வந்து பார்ப்பான், எத்தனை முறை மாற்றுவான். நானும் எத்தனை முறை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பேன். புடவையைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. என் கணவர் வெளியிலிருந்து, நேரமாகுது என்று குரல் கொடுத்தார்.

நேருக்கு நேர் அவனிடம் பேச நான்கு முறை வாயைத் திறந்தேன். நான்கு முறையும் டீ வேணுமா, சாப்டியா என்றுதான் வந்தது. எழுதுவது மட்டும் எனக்கு வருகிறது.

இந்தப் பத்திரிகை வியாழக்கிழமை காலை எங்கள் கதவடியில் விழும். அதை முதலில் எடுப்பவன் அவன்தான். அம்மா எழுதியிருக்கிற பக்கத்தை நின்றபடியே படித்துவிட்டு, எழுத்துப்பிழை இருந்தால் கேலி செய்துவிட்டுத்தான் குளிக்கப் போவான். இந்த வியாழக்கிழமை நான் சமையலறையில் இருப்பேன். கதவுப் பக்கம் வர மாட்டேன்.

டீயை இனிமே மாத்தாதப்பா. அதைக் கொண்டு வந்து வெச்சது நான்.